கடலுக்கடியில் முங்கி அண்ணன்

முங்கி அண்ணே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். கேட்கிறதோ இல்லையோ, கூப்பிடாமல் எனக்கு எழுத வரவில்லை.

ஆறாயிரம் அடி உயரத்தில், கந்தப்பளை மலையில் பிறந்து, கடலுக்கடியில் நூற்று முப்பது அடி இறங்கி நின்று, திரும்பி வந்து மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கும் போன மனிதர் உலகத்திலேயே எங்கள் முங்கி அண்ணன் ஒருவர்தான். உலகம் முழுவதையும் நான் பார்த்ததில்லை. நுவரெலியா வரைக்கும் பார்த்திருக்கிறேன். அதுவரைக்கும் நிச்சயம்.

அண்ணனுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் அதுதான் எழுதியிருக்கும். ஆனால் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அண்ணனே திரும்பிப் பார்க்க மாட்டார். முங்குவது தொழில், அதனால் முங்கி.

எங்கள் தோட்டத்து ஃபேக்டரி அப்போது தண்ணீரில்தான் ஓடியது. மேலே மலையிடுக்கில் ஒரு குளம். அதன் அடியிலிருந்து பெரிய இரும்புக் குழாய் கீழே இறங்கி வந்து ஃபேக்டரிச் சக்கரத்தைச் சுற்றும். குழாய் வாயில் ஒரு கம்பி வலை. டர்பன்டைன் மரத்து இலைகள் வந்து வலையை அடைத்துக்கொண்டால் சக்கரம் நிற்கும். மாடியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி நிற்கும். டீமேக்கர் ஐயாவுக்கு மூச்சு நிற்கும். உடனே ஒரு பையன் ஓடுவான், "முங்கியைக் கூப்பிடு" என்று. அண்ணன் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, கோவணத்தோடு அந்த ஐஸ் தண்ணீரில் இருபதடி இறங்கி, இலையைக் கையால் வாரி எறிந்துவிட்டு வருவார்.

உடனே வருவார் என்று நினைக்காதீர்கள். கரையில் நிற்கிறவர்கள் ஒரு பீடியைப் பற்றவைத்து, முழுக்க இழுத்து, அணைத்துவிட்டு, அடுத்த பீடி யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். ஒரு தடவை புதிதாக வந்த ஒரு கிழவி, ஆள் போய்விட்டான் என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். இரண்டாவது அடி பாடி முடித்தபோது அண்ணன் அக்கரையில் தலையைத் தூக்கி, "யாருக்கு என்னா ஆத்தா ஆச்சு?" என்று கேட்டார். தொடங்கிய ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தக் கூடாதாம். கிழவி அதை முழுசாகப் பாடி முடித்தாள். அண்ணன் ஈரத்தோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான் பாடுது. என்னையப் பத்திக் கொஞ்சம் கூடுதலா சொல்லிருச்சு" என்றார்.

வீட்டிலும் அதே வித்தைதான். மதினிக்கு வாய் கொஞ்சம் நீளம். மதினி திட்டத் தொடங்கியதும் அண்ணன் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்துவிடுவார். மதினி திட்டித் திட்டி, முகம் சிவந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் இவர் மூச்சை விடுவார்.

"இந்த மனுசன்கிட்ட சண்டை போடுறதுக்குக் குழாயோட போடலாம்" என்பாள் மதினி.

இப்படி இருந்த காலத்தில்தான், தோட்டத்தை நடத்துகிற பெரியதுரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். வெள்ளைக்காரப் பிள்ளை. மூக்கு எப்போதும் தோலுரிந்து இருக்கும். மற்ற துரைமார் துப்பாக்கியும் நாயும் கொண்டுவருவார்கள். இவர் முதுகில் கட்டிக்கொள்கிற இரண்டு இரும்புப் புட்டியும், தவளைக் கால் மாதிரி ரப்பர்ச் செருப்பும், முகத்துக்கு ஒரு கண்ணாடியும் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு எங்கள் குளத்தில் இறங்கினார். வரிசை அறைகளில் நாங்கள் குடியிருந்த லயமே திரண்டு வேடிக்கை பார்த்தது. புட்டியில் காற்றை அடைத்து வைத்து, தண்ணீருக்குள் அதை வாயில் இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்கலாமாம்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டை கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. புட்டியோடு போய் மூன்று தடவை தேடினார், கிடைக்கவில்லை. அண்ணன் ஒன்றுமில்லாமல் இறங்கி ஒரே மூச்சில் எடுத்து வந்தார். சின்னத்துரைக்குக் கண் விரிந்துவிட்டது. "நீ போட்டுப் பாரு" என்று புட்டியை அண்ணன் முதுகில் கட்டிவிட்டார். அண்ணன் போன வேகத்தில் மேலே வந்தார். முகத்தில் அப்படி ஒரு அருவருப்பு.

"தண்ணிக்குள்ள மூச்சு விடுறதாங்க தொரை? இது கள்ளாட்டமுங்க."

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் போனார். சின்னத்துரைக்கும் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. மழைக்காக அவர்கள் கரையில் குந்தியிருந்த ஒரு நாள், சின்னத்துரை ஒரு புத்தகத்தைத் திறந்து படம் காட்டினார். பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி நானும் எட்டிப் பார்த்தேன். கடலுக்கடியில் மரம் மாதிரி ஒன்று, கிளை கிளையாக.

"இது மரம் இல்லே. உசிர் உள்ளது" என்றார் சின்னத்துரை. தோட்டத்தில் படித்த தமிழ் அவ்வளவுதான். "ரொம்ப ரொம்பச் சின்னப் பூச்சி. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சின்ன ரூம். அது செத்தா, அது மேலே அடுத்தது ரூம் கட்டும். திருகோணமலைக் கடல்லே, ஆழத்திலே இருக்கு. உன் ராஜா, என் ராஜா எல்லாருக்கும் முந்தியே இருக்கு."

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரிசையா ரூம்முங்களா தொரை?"

"ஆமா."

"ஒரு ரூம்புக்கு முதுகோட முதுகா இன்னொரு ரூம்பு?"

"ஆமா, ஆமா."

"அப்போ லயமுங்க." அண்ணன் என் பக்கம் திரும்பி, "நம்ம லயந்தான் புள்ள" என்றார். பிறகு சின்னத்துரையிடம், "இம்புட்டுக் காலமா அங்கனயே இருக்குதுகளே, அதுகள்ட்ட யாரும் எந்த நாட்டு ஆளுன்னு கடுதாசி கேக்கலீங்களா?" என்றார்.

அந்த வருஷங்களில், குடியுரிமை இல்லாத எங்களிடம் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சின்னத்துரை சிரிக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் எழுந்து நின்றார். "தொரை, நான் அதப் பாக்கணுமுங்க."

அண்ணன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு வேட்டி கூட மதினிதான் கேட்டு வாங்குவாள். சின்னத்துரை யோசித்துவிட்டு, "சரி, முதல்லே பழகு" என்றார். அண்ணனுக்கென்று இன்னொரு புட்டியும் கண்ணாடியும் வரவழைத்தார்.

பழகுவதில்தான் வினை வந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டும். தலையில் கட்டிய துண்டை எடுத்து அக்குளில் இடுக்க வேண்டும். வாயில் வெற்றிலையோ பீடியோ இருந்தால் துப்ப வேண்டும். கையைக் கட்டி, துரை கடந்து போகும்வரை குனிந்து நிற்க வேண்டும். எங்கள் தாத்தாவும் அப்படித்தான் நின்றார், அப்பாவும் அப்படித்தான் நின்றார். மழைக்கும் வெயிலுக்கும் கண் தானாக இடுங்குகிற மாதிரி அது எங்களுக்குத் தானாக வரும்.

குளத்துக்குள் இருவரும் நீந்திக்கொண்டிருந்தார்கள். சின்னத்துரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எதிரே வந்தார். தண்ணீருக்குள் பாதையே கிடையாது. இருந்தாலும் அண்ணன் ஓரமாக ஒதுங்கினார். தலையில் துண்டு இல்லை, தலையைச் சுற்றிக் கண்ணாடிதான் கட்டியிருந்தது. அதைக் கழற்றி அக்குளில் இடுக்கினார். வாயில் காற்றுக் குழாய். துரை முன்னால் வாயில் எதையும் வைத்திருக்கலாமா? அதையும் எடுத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, பதினைந்தடித் தண்ணீருக்குள் குனிந்து நின்றார்.

சின்னத்துரை பதறிப்போய் அவரை மேலே இழுத்துவந்தார். "முங்கி, என்ன செய்றே நீ? கடல்லே இப்படி செஞ்சா நீ செத்துப் போறது."

"தெரியாமச் செஞ்சுட்டேங்க தொரை."

மறுபடியும் இறங்கினார்கள். மறுபடியும் கழற்றினார். அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை. கடைசியில் சின்னத்துரை சொல்லிவிட்டார்: அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை கழற்றினாலும் திருகோணமலையில் வள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், கடலில் இறங்க முடியாது.

அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மறக்க மாட்டேங்குது புள்ள. கை தன்னால போகுது."

மதினி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "கண்ணாடிய மாட்டுய்யா. வாசலுக்கு வா."

அன்றிலிருந்து எங்கள் லய வாசலில் தினமும் கூத்துதான். மதினி என் பள்ளிக்கூடத்துக் குடையைக் கைத்தடியாகப் பிடித்துக்கொள்வாள். தலையில் அரிசி வடிக்கிற சட்டி. அந்தக் கோடியிலிருந்து துரை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருவாள். அண்ணன் கண்ணாடியை மாட்டி, குழாய்க்குப் பதிலாக ஒரு மூங்கில் துண்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். மதினி கிட்டே வந்ததும் அண்ணன் கை தன்னால் மேலே போகும். போன கையில் குடை விழும்.

"எவன்டா அது, தொரை வாராரு, கண்ணாடிய எடுக்குறவன்?"

"நீ தொரை மாதிரியே நடக்குறடி. அதான் கை போவுது."

"நான் உன் பொஞ்சாதி மாதிரி நடந்தா நீ பழகவா போற? நில்லுய்யா நேரா."

பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். நாலாம் நாள் கை பாதியில் நின்றது. ஆறாம் நாள் கை ஆடியது, ஆனால் ஏறவில்லை. சனிக்கிழமை மாலை மதினி மூன்று தடவை நடந்தும் அண்ணன் கம்பம் மாதிரி நின்றார். அந்த நேரம் பார்த்து, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா உண்மையாகவே அந்தப் பக்கம் வந்துவிட்டார். அண்ணன் அசையவில்லை. வட்டக் கண்ணாடி, வாயில் மூங்கில், முதுகு நிமிர்ந்து ஒரு உருவம் நடுப்பாதையில் நிற்பதைக் கண்டாக்கையா பார்த்தார். பேயோ சாமியோ என்று தெரியவில்லை. அவரே பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கி, சுற்றிப் போனார்.

மதினி சட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "போ, இப்ப கடலுக்குப் போ" என்றாள்.

ஞாயிறு சின்னத்துரை எட்டுத் தடவை எதிரே வந்தார். அண்ணன் ஒரு தடவை கூடக் கழற்றவில்லை. அடுத்த வாரம் ஜீப்பில் திருகோணமலைக்குப் போனார்கள். அங்கே நடந்ததில் பாதி அண்ணன் சொன்னது, மீதி சின்னத்துரை பிறகு எங்கள் லய வாசலில் வந்து நின்று சொன்னது.

வள்ளத்தில் அண்ணன் முதல் காரியமாகக் காலில் சவர்க்காரத்தைத் தடவினாராம். அட்டை கடிக்காமல் இருக்க நாங்கள் மலைக்குப் போகும்முன் அப்படித்தான் தடவுவோம். கடலில் அட்டை இல்லை என்று சின்னத்துரை சொல்லியிருக்கிறார். "இம்புட்டுத் தண்ணி இருக்குது, அட்டை இல்லாம இருக்குமாங்க?" என்று இன்னொரு கை தடவியிருக்கிறார்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். பச்சைத் தண்ணீர் நீலமாகி, நீலம் கறுத்து, கீழே எங்கள் மலைப் பனி மாதிரி இருட்டிவிட்டதாம். கயிறு முடிகிற இடத்தில் பாறை. பாறை மேல் அது நின்றதாம்.

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கவாத்து வெட்டாம நூறு வருசம் விட்ட தேயிலைய நெனைச்சுக்க புள்ள. செடி இல்ல, காடு. எல்லாம் கரிக் கலரு. தொரை டார்ச்ச அடிச்சாரு பாரு, அம்புட்டும் செவப்பு, மஞ்ச, தங்கம். நான் கிட்டக்கப் போய்ப் பாத்தேன். ஒவ்வொரு ரூம்புலயும் ஆளு இருக்கு. கைய நீட்டிக்கிட்டு உக்காந்துருக்குதுக. பத்து இல்ல, நூறு இல்ல. எப்பேர்ப்பட்ட லயம். ஒரு பய காலி பண்ணல."

அவ்வளவு ஆழத்தில் புட்டிக் காற்று கள்ளுக் குடித்த மாதிரி தலைக்கு ஏறுமாம். சின்னத்துரை முன்னமே சொல்லித்தான் இருந்தார். எங்கள் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்கு நன்றாக ஏறிவிட்டது. வருஷா வருஷம் காமன் கூத்தில் அவர்தான் ரதி வேஷம் கட்டுவார். அந்த ஆழத்தில், அந்தப் பழைய உயிர்களின் முன்னால், ரப்பர்ச் செருப்போடு ரதி ஆட்டம் ஆடியிருக்கிறார். ஒரு அடவு விடவில்லையாம். சுற்றியிருந்த மீன்கள் வட்டம் கட்டிப் பார்த்ததாக அண்ணன் சொல்லுவார். மீன் விஷயத்தில் அவர் பேச்சை நான் முழுக்க நம்புவதில்லை.

ஆடிக்கொண்டே திரும்பியபோது சின்னத்துரையைக் காணோம். காற்றுக் குமிழிகள் மட்டும் அண்ணனின் காலுக்குக் கீழேயிருந்து வந்தன. குனிந்து பார்த்தால் சின்னத்துரை பாறையைத் தாண்டி, சிரித்த முகத்தோடு, இன்னும் ஆழமான இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஏறிவிட்டது. அண்ணன் போதை அந்த நிமிஷமே இறங்கியது. பாய்ந்து போய் அவருக்குக் குறுக்கே நின்றார். சின்னத்துரை, விலகு என்று கையை வீசினார்.

துரை விலகு என்கிறார். எங்கள் ஆட்கள் நூறு வருஷமாக விலகினார்கள். அண்ணன் விலகவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. துரையின் முதுகுப் பட்டையைக் கொத்தாகப் பிடித்து, கொழுந்துச் சாக்கைத் தூக்குகிற மாதிரி தூக்கி, கயிற்றோடு மேலே கொண்டுவந்தார். மேலே போகும் வழியில் நடுவே நின்று காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் உடம்புக்கு ஆபத்து என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கேயும் துரையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வள்ளத்தில் ஏறியதும் அண்ணன் துரையின் பட்டையை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். "தொரை மேல கை வச்சுட்டேங்க."

சின்னத்துரை முகத்துக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அடுத்த தடவையும் வை" என்றார்.

திரும்பி வந்து இரண்டாம் நாள், கதை வேறு விதமாகிவிட்டது. பெரியதுரை ஃபேக்டரிப் பாதையில் நடந்து வந்தார். அண்ணன் எதிரே போனார். தலையில் துண்டு. கை மேலே போகவே இல்லை. எதிர்க்க வேண்டும் என்று அண்ணன் நினைக்கவில்லை. மதினி பழக்கியது அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. கடலில் உயிரைக் காத்த பழக்கம் தரையில் வயிற்றில் அடிக்க வந்தது. மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் துண்டை எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பத்துச்சீட்டு என்று பெரியதுரை சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலை போய்விடும், லயத்து அறையும் போய்விடும். எந்த நாட்டுக் கடுதாசியும் இல்லாத நாங்கள் சட்டி பானையோடு எங்கே போவோம்?

காலையில் பெரட்டுக் களத்தில் தோட்டமே நின்றது. விடிய விடிய மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பெரியதுரை வந்தார், சின்னத்துரை பின்னால் நின்றார். அண்ணன் முன்னால் போனார். கையைத் தூக்கினார். துண்டைத் தொட்டார். நான் மதினியின் கையைப் பிடித்தேன்.

அண்ணன் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"வரலீங்க தொரை. எடுத்தா செத்துருவேன்னு பழகிட்டேங்க. இப்ப நெனைச்சாலே மூச்சு முட்டுதுங்க. வேணுமுன்னா நீங்களே எடுத்துக்குங்க."

பெரியதுரையின் முகம் சிவந்தது. ஒரு தொழிலாளியின் தலையில் கிடக்கிற ஈரத் துண்டை எல்லார் முன்னாலும் தன் கையால் எடுப்பதா என்று அவர் நின்றார். அந்த நேரம்தான் டீமேக்கர் ஐயா கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். ராத்திரி மழைக்குக் குழாய் வாய் அடைத்துவிட்டது, சக்கரம் நின்றுவிட்டது, மாடி நிறையக் கொழுந்து கிடக்கிறது.

பெரியதுரை அண்ணனைப் பார்த்தார். "எறங்கு."

"சீட்டு வாங்கப்போற ஆளு எப்படிங்க எறங்குறது?" என்று அண்ணன் மெதுவாக, மரியாதையாகவே கேட்டார்.

பெரியதுரை ஃபேக்டரியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "சீட்டு இல்லே. போ" என்றார்.

அண்ணன் மேலே ஏறிப்போனார். துண்டை அவிழ்க்காமல் அதோடுதான் குளத்தில் இறங்கினார். அன்றைக்குத் தோட்டமே கரையில் நின்று பார்த்தது. அதன் பிறகு பாதையில் அண்ணன் வந்தால், பெரியதுரைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலையில் ஏதாவது பார்க்க வேண்டிய வேலை வந்துவிடும். கொஞ்ச நாளில் கவாத்து வெட்டுகிறவர்களில் இரண்டு பேர் துண்டை எடுக்க மறந்தார்கள். பிறகு ஐந்து பேர். இப்போது எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிக் கைகட்டி நிற்பது என்று கேட்டால், அதுகளுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க நானும் மறந்துவிட்டேன்.

சின்னத்துரை இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போன தை மாதம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பத்து நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினோராம் நாள் விடிந்ததும் போய்விட்டார். முப்பத்தாறு வயசு. மதினி இப்போது யாரையும் திட்டுவதில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்கள், யாராக இருந்தாலும், எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். தனக்கென்று அவர் வாய்திறந்து கேட்டது அந்தக் கடல் ஒன்றைத்தான். மிச்சம் எல்லாவற்றையும் அவருக்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.